குறுக்குத்துறையில் இரண்டு முழுக்கு

குமரகுருபரன் வீட்டு வாசலில் இருபது வருடமாக எனக்கு ஒரே கேள்விதான். "இன்னைக்கு என்னலே சாப்பிட்ட?" கேட்பது அவன் அம்மா பிரம்மநாயகி. இட்லி, தோசை என்று பதில் சொன்னால் அடுக்களை வரைக்கும் போகலாம். மீன் என்றால் முன்னறை நாற்காலியோடு சரி, காபி அங்கேயே வந்துவிடும். பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா பக்கத்தில் வந்து ஒரு மூச்சு இழுத்தார், அவ்வளவுதான். நானாகவே நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

அவர்கள் திருநெல்வேலி டவுனில் பரம்பரையாகச் சைவச் சாப்பாட்டுக் குடும்பம். நான் பெருமாள்ராஜ், ராதாபுரத்துக்குத் தெற்கே கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்க்காரன். எங்கள் வீட்டில் மீன் வாசனை வரவில்லை என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். விடுதியில் தங்கி டவுனில் படித்தபோது குமரன் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டோம். இப்போது நான் வண்ணார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அவன் டோக்கியோவில் லிஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். நாற்பது மாடிக் கட்டடத்தில் எந்த மாடியில் பொத்தானை அமுக்கினால் எந்த லிஃப்ட் ஓடி வர வேண்டும் என்று சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. அவன் பிறந்த தெருவில் மாடிப்படி இருப்பதே நாலு வீட்டில்தான்.

அவன் அங்கே போன முதல் வருடத்தில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அவன் அப்பா சங்கரசுப்பிரமணியன் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் ஆனி மாதம் தவறிப் போனார். ஆவணியில் இவனுக்கு டோக்கியோ வேலை வந்தது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். அந்தம்மாதான் பெட்டியை எடுத்து வைத்து அனுப்பினார். ஒரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்: வருஷத் திதிக்கு எப்பாடு பட்டாவது வந்துவிட வேண்டும். ஒரே பிள்ளை, வேறு யார் செய்வது?

போன புதிதில் தினமும் எனக்குப் போன் வரும். அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே சாயங்காலம் ஐந்தரை. சரியாக என் கடையில் ஆள் கூடுகிற நேரம். ரயிலில் போனில் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம், அதனால் ஸ்டேஷனில் இறங்கி அறைக்கு நடக்கிற பத்து நிமிடத்தில் பேசுவான். நான் வழக்கம்போல் வாயைத் திறந்தால் "பைய பேசுலே, தெருவே கேக்கும்" என்பான். போனில் நான் பேசினால் டோக்கியோ தெருவுக்கு எப்படிக் கேட்கும்? ஆனால் அவன் குரல் அப்படி இறங்கிப் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகினவன், ஒரு மாதத்தில் காதோரம் ரகசியம் சொல்கிறவன் மாதிரி ஆகிவிட்டான்.

அறையைப் பற்றிச் சொல்வான். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுமாம். குப்பை போடுவதற்கு ஒரு அட்டவணை கதவில் ஒட்டியிருக்கிறதாம். செவ்வாயும் வெள்ளியும் எரிகிற குப்பை, வியாழன் பாட்டில், மாதத்தில் இரண்டு நாள் தகரம். முதல் வாரம் கிழமை மாற்றி வைத்துவிட்டான். சாயங்காலம் வந்து பார்த்தால் அவன் பை மட்டும், மேலே ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டி, தெருவில் தனியாக உட்கார்ந்திருந்ததாம். "அதப் பாக்கவும் எனக்கு அழுகையே வந்துட்டு பெருமாளு" என்றான். குப்பைக்கு எவனாவது அழுவானா என்று திட்டினேன். அவன் அழுதது குப்பைக்கு இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

சாப்பாடுதான் பெரிய பாடு. அப்பா இறந்த வருடம் வேறு, கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று அவனே வைராக்கியம் எடுத்திருந்தான். ஆபீஸில் ஒருவரிடம் சொல்லி, கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன நூடுல்ஸ் கடை. ஆறு பேர் உட்காரலாம். மிச்சிக்கோ என்று ஒரு அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும், ஒற்றை ஆளாக நடத்துகிறார். அட்டையைக் கொடுத்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாராம். பிறகு தலையாட்டிவிட்டு, தடித்த நூடுல்ஸ், சோயாக் கட்டி, வெங்காயத்தாள் போட்டு, மேலே சூடாகச் சாறு ஊற்றிக் கொடுத்தாராம்.

அன்றைக்கு ஆரம்பித்தவன்தான், ஆறு மாதம் அந்தக் கடையே கதி என்று கிடந்தான். அவன் கதவைத் தள்ளியதும் அட்டையைக் கேட்காமலே அந்தம்மா கிண்ணத்தை எடுத்துவிடுவாராம். இவன் பேசுகிற நாலு ஜப்பானிய வார்த்தையைத் திருத்துவாராம். குளிர் காலத்தில் இன்னொரு கரண்டிச் சாறு சேர்த்தே ஊற்றுவாராம். "அந்தச் சாறுல என்னமோ ஒரு ருசி இருக்குலே. ரசம் மாதிரி தெளிவு, ஆனா புளிப்பு கெடையாது. குடிச்சா நெஞ்சுக்கு எதமா எறங்குது" என்று என்னிடம் சொன்னான். அதையே அம்மாவிடமும் சொன்னான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பிரம்மநாயகி அம்மா சமையலில் தோற்கச் சம்மதிக்காதவர். அவர் வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்காக மறுவீட்டு விருந்துகளில் ஆள் கூடும். அப்படிப்பட்டவர் மகன் வாயால் இன்னொருத்தி சாற்றைப் புகழக் கேட்டால் சும்மா இருப்பாரா? முருங்கைக்கீரைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பாசிப்பருப்பை வறுத்து வேகவைத்து இறுத்துப் பார்த்தார். வீடியோவில் கரண்டியைக் காட்டி, "இந்த நெறம் வருமாலே?" என்று கேட்பார். அவன் "கிட்டத்தட்ட வருதும்மா" என்று மழுப்புவான். கடைசியில் பிரம்மநாயகி அம்மாவே இறங்கி வந்தார். "தெரியாதத கேட்டுக்கிடுததுல என்ன இருக்கு? அந்தம்மாட்ட பக்குவம் கேட்டுச் சொல்லு. நம்ம புள்ளைக்குச் சோறு போடுதவ, மறைக்கவா போறா?" என்றார். நீ வரும்போது கொடுத்துவிடுகிறேன் என்று மிச்சிக்கோவுக்காக இரண்டு கட்டு அப்பளம் தனியாக இட்டு வைத்தார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை குமரன் கேட்டுவிட்டான். எங்க அம்மா கேட்கிறார்கள் என்றதும் மிச்சிக்கோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். இவனை அடுக்களைக்கு உள்ளேயே கூட்டிக்கொண்டு போய், தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துப் பொருத்தினது மாதிரி ஒரு பெட்டியைக் காட்டினார். கையில் ஒரு கட்டை. அதைப் பெட்டியின் மேலே தேய்க்கத் தேய்க்கச் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. அதைக் கொதிநீரில் போட்டு வடித்தால் சாறு. கட்டைக்கு ஒரு பெயரும் சொன்னார், இவனுக்கு விளங்கவில்லை. ஏதோ வாசனை மரம் என்று நினைத்துக்கொண்டான். சந்தனம் மாதிரி, கருங்காலி மாதிரி. படம் எடுத்து எனக்கு அனுப்பினான்: "ஏலே, இது என்ன மரம்னு பாரு. நம்ம ஊர்ல கெடைக்குமா? அம்மா கேக்கா."

நான் கையில் வார்னிஷோடு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுத்த நிமிடம் கடையில் தனியாக நின்று சிரித்தேன். எனக்கு அது தெரியாமல் இருக்குமா? எங்கள் அம்மா வாரத்துக்கு ஒரு தடவை அம்மியில் வைத்துத் தட்டுகிற சாமான். "மரமா? மாசிக் கருவாடுலே அது. சூரை மீன அவிச்சு, பொகை போட்டு, கட்டையாட்டம் காய வச்சது. நீ ஆறு மாசமா கருவாட்டுச் சாறு குடிச்சிருக்க" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ஒரு வரிசை போட்டு அனுப்பினேன். கறியும் மீனும் கண்ணால் தெரிகிற துண்டாக இல்லாவிட்டால் அந்த ஊரில் அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்களாம், பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மிச்சிக்கோ வஞ்சகம் செய்யவில்லை. மீன் துண்டு எதுவும் இல்லாமல்தானே போட்டிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்.

நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. ஐந்தரை மணிப் போனும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் கூப்பிட்டான். வழக்கத்தைவிடவும் மெதுவாகப் பேசினான். "அப்பா செத்து வருஷம் முடியலல்லா பெருமாளு. இந்த வாய வச்சுக்கிட்டு நான் எப்படி எள்ளும் தண்ணியும் எறைக்க?" என்றான். நான் தெரியாமல் செய்ததுதானே என்று ஆரம்பித்தேன். அவன் கேட்கவே இல்லை. அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டான். அந்தச் சிரிக்கிற பொம்மைகளை நான் ஏன் அனுப்பினேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் அம்மாவிடம் பேசிய பேச்செல்லாம் சாக்குப்போக்கு. பக்குவம் கேட்டால், அந்தக் கடையைப் பூட்டிவிட்டார்கள் என்றான். திதிக்கு டிக்கெட் போட்டாயா என்றால், லீவு கேட்டிருக்கிறேன் என்றான். மே மாதம், லீவு கிடைப்பது கஷ்டம் என்றான். ஜூன் பிறந்ததும், வர முடியாது என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை பதினோரு மணி வெயிலில் பிரம்மநாயகி அம்மா குடையோடு என் கடை வாசலில் நிற்கிறார். இத்தனை வருடத்தில் என் கடைக்கு அவர் வந்ததே இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். செம்புக் கம்பியையும் பிரித்துக் கிடந்த மோட்டார்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அவன் அங்கன யாரையும் கட்டிக்கிட்டானா?" என்றார் நேராக.

"இல்லம்மா, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆறு மாசம் அந்தக் கடைக்காரி பேச்சில்லாம அவன் போன வச்சது கெடையாது. இப்ப அவ பேர எடுத்தாலே பேச்ச மாத்துதான். நான் முட்டாளா? அப்பளத்த எடுத்து உள்ள வச்சிட்டேன்."

"அம்மா, அந்தக் கடைக்காரிக்கு அறுவத்தஞ்சு வயசு."

"அப்பம் வேற என்னத்த மறைக்கான்?"

சத்தியம் செய்தவன்தான் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கம்பி சுற்றுவது? சொல்லிவிட்டேன். அட்டை, சாறு, கட்டை, மாசி, எல்லாம்.

அந்தம்மா முகம் சுருங்கியது. "சீ, கருவாடா!" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா, நான் தெனமும் திங்கேன். எனக்கு என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்டேவிட்டேன். இருபது வருடமாக அந்த முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து கேட்க நினைத்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்னச் சொல்லலலே. அது உனக்கு முறை. இது அவங்க அப்பா கடைசி நாள் வரைக்கும் காத்த முறை" என்றார். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கம்பிச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு, "வயிறு நெறையச் சாப்பிட்டானாமா?" என்று கேட்டார். "நெறையத்தாம்மா" என்றேன். "வண்டிய எடு, குறுக்குத்துறைக்குப் போவோம்" என்று எழுந்துவிட்டார்.

குறுக்குத்துறையில், தாமிரபரணிப் படியில், ஐயர் வேறொரு குடும்பத்துக்குத் திதி செய்துவைத்து முடித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். குமரனின் தாத்தாவுக்கும் அந்த ஐயர் குடும்பத்தார்தான் செய்து வைத்தவர்கள். அந்தம்மா மகன் என்று சொல்லாமல், தெரிந்த ஒரு பையன் என்று ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்திலேயே "என் மவன்" என்று முடித்தார். ஐயர் முழுவதையும் கேட்டார்.

"தெரியாமச் சாப்பிட்டதுதானே? ஆத்துல ஒரு முழுக்குப் போடச் சொல்லுங்க. அப்புறம் தாராளமாத் திதி குடுக்கலாம்."

"ஒண்ணு போதுமா சாமி? ஆறு மாசம்லா?"

"ஆறு வருஷமானாலும் தெரியாமத்தானே. ஒண்ணு போதும்மா."

இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இவ்வளவு சின்னப் பரிகாரமா என்று அந்தம்மாவுக்கு ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது. படியிலேயே நின்று மகனுக்குப் போன் போட்டார். ஆபீஸில் இருந்தவன் என்னவோ ஏதோ என்று எடுத்திருக்கிறான். "பெருமாளு எல்லாம் சொல்லிட்டான். ஐயர்ட்ட கேட்டாச்சு. தெரியாமச் சாப்பிட்டதுக்கு ஒரு முழுக்குதானாம். கிளம்பி வா" என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு "வாறேம்மா" என்றான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நேரம் அவன் ஏன் அவ்வளவு யோசித்தான் என்று நான் யோசிக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் வந்து சேர்ந்தான். திருநெல்வேலி ஸ்டேஷனில் பார்த்தபோது மெலிந்திருந்தான். மார்ச் மாதத்துக்குப் பிறகு ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டியிருக்கிறான். என்னைப் பார்த்து ஒரு வசவு வைவான், கட்டிப் பிடிப்பான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "பாவநாசம் அணையில தண்ணி தொறந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

திறந்திருந்தார்கள். திதியன்று காலையில் ஆறு கரை தொட்டு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கங்கே நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் மேல்படியில் இலை, எள், அரிசி, தர்ப்பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு மணி பார்த்தார். அந்தம்மா துண்டோடு படியில் நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். குமரன் இறங்கி இடுப்பளவு தண்ணீருக்குப் போனான். போனவன் அப்படியே நின்றான்.

"முங்குலே" என்றார் அந்தம்மா.

அவன் எங்கள் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சும் சாப்பிட்டேம்மா."

டோக்கியோவில் பழகின அந்த மெதுவான குரல். ஆறு சத்தமில்லாமல் போனதால் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. இத்தனை நாள் அவன் வர மாட்டேன் என்றது அந்த ஆறு மாதத்துக்காக இல்லை.

"எத்தன தரம்?" என்றார் அந்தம்மா.

"ஒரே தரம்தான். பெருமாளு சொல்லி நாலாம் நாள். நல்ல மழை. கடையத் தாண்டித்தான் அறைக்குப் போவணும், தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். அந்தம்மா பாத்துட்டு மழையில ஓடி வந்துட்டா. நாலு நாளாக் காணலியே, காய்ச்சலோன்னு நெத்தியத் தொட்டுப் பாக்கா. கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி கிண்ணத்த வச்சிட்டா. எனக்கு எந்திரிச்சு வர முடியல." தண்ணீரைக் கையால் அளைந்தான். "ருசியாவும் இருந்துச்சும்மா. முழுசாக் குடிச்சேன்."

ஐயர் காதில் விழுந்ததோ என்னவோ, எள்ளைத் திரும்பவும் எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார். அந்தம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டார். போச்சு, வீட்டுக்குக் கிளம்பப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அப்ப ரெண்டாப் போடு" என்றார்.

குமரன் விழித்தான்.

"என்னலே பாக்க? தெரியாமச் சாப்பிட்டதுக்கு ஒண்ணு, தெரிஞ்சு சாப்பிட்டதுக்கு ஒண்ணு. உங்கப்பா காத்துக்கிட்டு இருக்காரு, முங்கு."

முதல் முழுக்குப் போட்டு உடனே எழுந்துவிட்டான். இரண்டாவதில் கொஞ்சம் அதிக நேரம் உள்ளேயே இருந்தான். எழுந்தபோது அந்தம்மா கீழ்ப்படிக்கு வந்து முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சேலை நனைவது அவருக்குத் தெரியவில்லை. முப்பது வயது தாண்டினவன் தலையைப் பிடித்து இழுத்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி அழுத்தித் துவட்டினார். அவனும் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றான். நான் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"திரும்பிப் போகும்போது அந்த அப்பளத்த மறக்காம எடுத்துட்டுப் போ" என்றார் துவட்டிக்கொண்டே. "மழையில எறங்கி வந்து எம் புள்ள நெத்தியத் தொட்டுப் பாத்திருக்கா."